சோயாப்பால் பிழிந்த சக்கையும் கொத்தவரங்காய் உசிலியும்

கால் கிலோ சோயாபீனை ஊற வைத்து, அரைத்து, துணியில் பிழிந்தால் சுமார் 2 லிட்டர் பால் வருகிறது. துணிக்குள் 300 கிராமுக்குக் குறையாமல் சக்கை நிற்கிறது. பாலுக்கு வீட்டில் ஆள் உண்டு. மகனுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது, பாதியை அவன் ஒருவனே குடித்துவிடுவான். சக்கைக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. பால் எடுக்கிற நாளெல்லாம் ஃபிரிட்ஜில் ஒரு டப்பா சேரும். அதைத் தள்ளி வைத்துவிட்டு தயிரை எடுப்போம்.

இதற்குக் கிடைக்கிற சமையல் குறிப்புகளில் முக்கால்வாசி ஒரே ரகம். பிஸ்கட் செய்யுங்கள், கேக்கில் போடுங்கள், கோதுமை மாவில் பிசைந்து ரொட்டி சுடுங்கள். சக்கையை மாவு மாதிரி நடத்தச் சொல்கிறார்கள். பிஸ்கட் சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். பம்பாய்க் காற்றில் மறுநாள் காலையில் மெத்தென்று ஆகிவிடும். கேக் அடியில் ஈரமாகவே நிற்கும். காரணம் சிம்பிள். கோதுமையில் குளூட்டன் இருக்கிறது, சோயா சக்கையில் அது கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அதோடு பிழிந்த பிறகும் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒட்டாத, ஈரத்தை விடாத ஒரு பொருளைப் பிடித்து உருட்டி, தட்டி, உருவம் கொடுக்கப் போராடுவதில் என்ன லாபம்? உதிரியாக இருந்தால்தான் ருசி என்கிற சமையலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அதன் குறையே குணமாகிவிடுகிறது. அப்படி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பருப்பு உசிலி.

ஜப்பானில் இந்தச் சக்கையை ஒகாரா என்கிறார்கள். கேரட், காளான் எல்லாம் போட்டு, சோயா சாஸ் விட்டுப் பொலபொலவென்று வதக்கி உனோஹானா என்று ஒரு தொட்டுக்கை செய்கிறார்கள், ஏறக்குறைய நம் பொரியல்தான். கொரியாவில் பிஜி என்ற பெயரில் கிம்ச்சியோடு குழம்பாகக் கொதிக்கிறது. சோயாப்பாலைத் திரித்து டோஃபு என்கிற கட்டியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற ஊர்களில் இதை ஈர உதிரியாகவே சமைக்கிறார்கள் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது. பிஸ்கட் யோசனையை அத்தோடு மூட்டை கட்டினேன்.

சரி, முதலில் பால். சக்கை நன்றாக அமைவது பால் எடுக்கிற விதத்தில்தான் இருக்கிறது.

சோயாபீன் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து கிரானா கடைகளில் கிடைக்கிறது. நாட்டில் சோயா அதிகம் விளைவதே மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும்தான், அதனால் இங்கே தட்டுப்பாடு இல்லை. மழைக்காலத்தில் விதைத்து அக்டோபர் வாக்கில் அறுக்கிற பயிர். புது வரவு வெளிர் மஞ்சளாக, உருண்டையாக, தோல் சுருங்காமல் இருக்கும். பழைய சரக்கு ஊறினாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும், பாலும் குறையும், சக்கை கூடும். கடைக்காரரிடம் ஒரு கைப்பிடி வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் எடை போடச் சொல்வது நல்லது.

ஊறுவதற்கு 8 மணி நேரம் என்பது கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 6 மணி நேரமே தாராளம், நடுவில் ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மேலே நுரை கட்டிப் புளித்த வாசனை வரும். பயறு ஊறிவிட்டதா என்று பார்க்க, ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தைப் பார்ப்பேன். சமதளமாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் குழி விழுந்து மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம். ஊறின பயறை இரண்டு கையாலும் கசக்கித் தண்ணீரில் அலசினால் தோல் மிதந்து வரும், வருகிற வரைக்கும் எடுத்தால் போதும். தோல் போனால் சக்கை மெத்தென்று இருக்கும். இருந்தால் உசிலியில் அங்கங்கே மெல்லிய தாள் மாதிரி பல்லில் படும். ஆனால் அதற்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரிக்கிற பொறுமை எனக்கு இல்லை.

சோயாவின் பச்சை வாடை பற்றி எல்லோரும் புலம்புவார்கள். பயறு உடைந்து தண்ணீரோடு சேர்ந்ததும் லிபாக்சிஜினேஸ் என்கிற நொதி வேலை செய்ய ஆரம்பித்து, பயறின் கொழுப்பைத் தாக்கி அந்த வாசனையைக் கிளப்புகிறது. 80 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால் பச்சைத் தண்ணீருக்குப் பதில் நல்ல சூடான தண்ணீர் விட்டு அரைத்தாலே பாதி வாடை போய்விடும். ஒரு எச்சரிக்கை: மிக்ஸி ஜாரில் சுடுநீரை நிரப்பி மூடியை இறுக்கி ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கிவிடும். ஜாரில் பாதிக்கு மேல் போகக் கூடாது, மூடி மேல் ஒரு துணியைப் போட்டு அழுத்திக்கொண்டு, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். சுடுநீர் தாங்காத பிளாஸ்டிக் ஜார் வேண்டாம்.

அரைத்ததை வடிகட்டிவிட்டுப் பாலை மட்டும் காய்ச்சுவது ஒரு முறை. அரைத்த கூழை அப்படியே காய்ச்சிவிட்டு அப்புறம் வடிகட்டுவது இன்னொரு முறை. முதல் முறையில் துணியில் நிற்பது பச்சைச் சக்கை. சோயாவில் டிரிப்சின் இன்ஹிபிட்டர் என்று ஒரு சங்கதி இருக்கிறது, புரதம் செரிப்பதைத் தடுக்கும், வயிற்றைக் கலக்கும். வேக வைத்தால்தான் அது அடங்கும். எனவே பச்சைச் சக்கையை எதில் போட்டாலும் முதலில் 20 நிமிஷம் ஆவியில் வேக வைத்தாக வேண்டும். இரண்டாவது முறையில் சக்கை வெந்தே வருகிறது. நான் செய்வது இரண்டாவது. கை சுடும், பாத்திரத்தின் அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே நிற்க வேண்டும், எல்லாம் உண்மை. ஆனால் சக்கையை அடை மாவில் ஒரு பிடி போடும்போது வெந்ததா வேகாததா என்ற கவலை இல்லை.

காய்ச்சும்போது பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். சோயாப்பால் கொதி வருவதற்கு முன்னாலேயே, 80 டிகிரி வாக்கிலேயே நுரைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். கொதித்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தால் பால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். தீயைத் தணித்து, நுரையை அமுக்கி, நிஜமான கொதி வந்த பிறகு 15 நிமிஷமாவது விட வேண்டும்.

வடிகட்ட எங்கள் வீட்டில் பழைய நாலு முழ வேட்டித் துண்டு. கொஞ்சம் ஆறவிட்டு, மூட்டையாக முறுக்கி, கரண்டியால் அழுத்தி, கடைசியில் கையால் பிழிய வேண்டும். எவ்வளவு பிழிகிறோமோ அவ்வளவுக்குப் பிறகு வேலை மிச்சம். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் சொட்டு விழக் கூடாது. பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்கு மாவு விரவுகிறவர்களுக்கு இந்தப் பதம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி உசிலி.

பிழிந்த சக்கை இரண்டு பங்கு, ஊறிய பருப்பு ஒரு பங்கு. பருப்பில் துவரையும் கடலையும் சம அளவு. பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைக்க வேண்டும். அரைத்த பிறகுதான் சக்கையைக் கலக்க வேண்டும். மிக்ஸிக்குள் சக்கையைப் போட்டால் பசை மாதிரி ஆகிவிடும், அது எதற்கும் உதவாது. மிளகாயும் உப்பும் வழக்கமான உசிலிக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். சக்கைக்கென்று சொந்த ருசி அவ்வளவாகக் கிடையாது, போட்ட உப்பையும் காரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்றுமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இந்த விகிதத்துக்கு வந்து சேர்ந்த கதை இது. முழுக்கச் சக்கையாகவே செய்தால் உதிர்வது என்னவோ அழகாக உதிர்கிறது, பருப்பு வாசனைதான் சுத்தமாக இல்லை. பாதிக்குப் பாதி போட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் சக்கை செலவாவதும் குறைவு. இரண்டுக்கு ஒன்று என்பதில் எங்கள் அத்தை, அதாவது மாமியார், ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, “பருப்பு கொஞ்சம் கையிழுப்பா போட்டிருக்கியே” என்றார். அப்புறம் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, “ஆனா கட்டி கட்டியா இல்லாம நன்னா உதிர்ந்திருக்கு” என்றார். கும்பகோணத்துக்காரர், உசிலியில் கட்டி இருந்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறவர். அந்த இடத்தில் விகிதத்தை நிறுத்திவிட்டேன்.

கலந்ததை இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, அழுத்தாமல் பரப்பி, 12 முதல் 15 நிமிஷம் ஆவி. அழுத்தினால் நடுவில் பருப்பு வேகாது. வெந்ததா என்று பார்க்க ஒரு தட்டின் நடுவில் விரலை வைத்தால் ஒட்டக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு கையால் உதிர்க்க வேண்டும். வெறும் பருப்பு உசிலியை உதிர்ப்பது ஒரு தொல்லை. கெட்டியாகி, சிலர் மிக்ஸியில் ஒரு சுற்று விடுகிற அளவுக்குப் போகும். இதில் அந்தத் தொல்லையே இல்லை, கை பட்டாலே உதிர்கிறது.

வாணலியில் எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி. இதில் கஞ்சத்தனம் கூடாது. கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்ததைப் போட்டு, நடுத்தரத் தீயில் கிளற வேண்டும். முதல் சில நிமிஷங்களுக்குச் சத்தமே வராது. சக்கையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருக்கும், கரண்டியில் லேசாக ஒட்டும், நிறம் அப்படியே வெளிறிக் கிடக்கும். பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் அடி தீயும், மேல் ஈரம் நிற்கும். திடீரென்று ஒரு கட்டத்தில் கரண்டி படுகிற சத்தம் மாறும். சரசரவென்று மணல் தள்ளுகிற ஓசை வரும், எண்ணெய் ஓரத்தில் தலை காட்டும், உதிரிகளின் விளிம்பு பொன்னிறமாகும். அப்போதுதான் வேக வைத்த காயைச் சேர்க்க வேண்டும்.

காய்க்குக் கொத்தவரங்காய்தான் என் ஓட்டு. இங்கே கவார் என்று கேட்டால் எந்தக் கூடைக்காரியிடமும் கிடைக்கும். அதன் லேசான கசப்பு, சோயாவில் மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்ச வாடையையும் மறைத்துவிடுகிறது. பீன்ஸ் சுமார்தான். வாழைப்பூ பிரமாதம், ஆனால் அதற்கு மாட்டுங்கா மார்க்கெட் வரை போக வேண்டும், வந்து ஆய வேண்டும், விருந்தாளி வருகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸ் வேண்டாம், அது விடுகிற தண்ணீரைச் சக்கை குடித்துவிட்டு மறுபடி பொதபொதவென்று ஆகிவிடும். தொட்டுக்கொள்ள, வேறென்ன, மோர்க்குழம்பு.

எதிர்வீட்டுக் காக்கு (மராத்தியில் சித்தி முறையில் கூப்பிடுவது), சாத்தாரா பக்கத்துக்காரர், ஒருநாள் கிண்ணத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, “இது எங்க ஜுன்கா இல்லையா?” என்றார். கடலை மாவை வெங்காயத்தோடு வதக்கி உதிரியாகச் செய்து பாக்ரி என்கிற ரொட்டியோடு சாப்பிடுவது ஜுன்கா. கடலை மாவு போடவே இல்லை, சோயாப்பால் பிழிந்த சக்கை என்றதும் மீதியையும் வாங்கிக்கொண்டு போனார். அதில் அவர் செய்தது தாலிபீட். பாஜ்ணி என்று வறுத்த தானியங்களும் பருப்புகளும் கொத்தமல்லி விதையும் சேர்த்துத் திரித்த மாவு மகாராஷ்டிர வீடுகளில் எப்போதும் இருக்கும். அதில் பாதி அளவு சக்கை, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எள். தண்ணீர் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, சக்கையின் ஈரமே பிசைந்துவிடுகிறது. ஈரத்துணியில் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, தவாவில் போட்டு, ஓட்டைகளில் எண்ணெய் விட்டு மூடி வைத்தார். உருட்டித் தேய்க்கிற சப்பாத்தியில் கிழிகிற சக்கை, கையால் தட்டுகிற தாலிபீட்டில் கிழியவில்லை. வறுத்த மாவின் வாசனையில் சோயா இருப்பதே தெரியாது. மேலே வெண்ணெய். உருவம் கொடுத்துச் செய்கிறவற்றில் எனக்கு இது ஒன்றுதான் முழுத் திருப்தி, அதுவும் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடை: அரைத்த மாவில் ஒரு பிடி சக்கை, ஓரம் நல்ல மொறுமொறுப்பு, சீக்கிரம் சிவக்கும், தாராளமாகப் போடலாம். மசால்வடை: கடலைப்பருப்பு மூன்று பங்குக்குச் சக்கை ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துகொண்டு ஓடும். சக்கையை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்துவிட்டுக் கலந்தால் எண்ணெய் குடிப்பதும் குறைகிறது. சப்பாத்தி: மாவில் நாலில் ஒரு பங்கு வரை தாங்கும், முதலில் தண்ணீர் விடாமலே பிசைந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் உப்பு பட்டதும் சக்கை தண்ணீர் விடும். இட்லி: வேண்டாம். கீமா பாவ்: மகனுக்குப் பிடித்தது இதுதான். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, கரம் மசாலாவில் பச்சைப் பட்டாணியோடு நன்றாகச் சிவக்க வறுத்த சக்கை, எலுமிச்சை பிழிந்து, வெண்ணெய் தடவிய பாவோடு. மீல் மேக்கர் போட்டும் இதைச் செய்கிறார்கள். அது எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திச் செய்வது, மெல்ல ரப்பர் மாதிரி. சக்கையில் கொழுப்பு கொஞ்சம் மிச்சம் இருப்பதால் வாயில் மெத்தென்று இருக்கிறது.

பால் எடுத்த அன்றே எல்லாச் சக்கையும் செலவாகாது. இவ்வளவு ஈரமும் புரதமும் உள்ள பொருள் வெளியில் நிற்காது, மே மாதத்தில் அடுப்பு மேடையில் மத்தியானம் வரை வைத்தாலே வாசனை மாறத் தொடங்கும். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள். புளித்த வாசனையோ, தொட்டால் நூல் மாதிரி வழவழப்போ வந்தால் குப்பைக்குத்தான். ஃப்ரீஸருக்குப் போகிறது என்றால் ஜிப் பையில் அப்பளத் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பி வைக்கலாம், தேவைப்படும்போது உடைத்து எடுக்க வசதி. உருண்டையாக வைத்தால் மொத்தத்தையும் உருக்க வேண்டிவரும்.

காய வைப்பதுதான் நீண்ட நாள் வழி. ஏப்ரலில் மொட்டை மாடியில் மெல்லிய துணி மூடிக் காய வைக்கலாம், காக்கைக்குக் காவல் இருந்தால். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பேச்சே இல்லை. உலர்ந்த துணியே ஈரமாகிற ஊர் இது. மழைக்காலத்துக்கு ஓவன் அல்லது வாணலி. ஓவனில் 100 முதல் 110 டிகிரி, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஆவி வெளியேறக் கதவைச் சற்றே திறந்து வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் கிளறி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாணலியில் சிறு தீயில் அரை மணி நேரம், கை வலிக்கும். காய்ந்ததா என்பதற்கு ஒரு சோதனை: சூடாக இருக்கும்போதே ஒரு பிடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு மேலே தட்டால் மூடுங்கள். இரண்டு நிமிஷத்தில் உள்பக்கம் பனி படர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்ப வாணலிக்கு. படரவில்லை என்றால் ஆறவிட்டு டப்பாவில் அடைக்கலாம். 300 கிராம் ஈரச் சக்கை காய்ந்தால் 70 கிராம் சொச்சம்தான் நிற்கும். அதில் சுமார் கால் பங்கு புரதம், பாதி நார்ச்சத்து, பத்தில் ஒரு பங்கு வாக்கில் கொழுப்பு.

அந்தக் கொழுப்பினால்தான் ஆட்டா சக்கிக்காரர், அதாவது மாவு மில்காரர், இதைத் திரிக்க யோசித்தார். கல்லில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அடுத்து வருகிறவரின் கோதுமை வீணாகும் என்றார், நியாயம்தான். வீட்டு மிக்ஸியே போதும், விட்டு விட்டு ஓட்டினால் மெல்லிய ரவை அளவுக்கு வந்துவிடும். இதில் பருப்புப்பொடி நன்றாக வருகிறது. வறுத்த துவரம்பருப்பு ஒரு பங்கு, காய்ந்த சக்கை அரைப் பங்கு, மிளகாய், மிளகு, பூண்டு, பெருங்காயம், உப்பு. சக்கையைத் திரிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை சிவக்க வறுக்க வேண்டும், வெளிர் நிறத்திலேயே திரித்தால் பொடி மண் மாதிரி இருக்கும். டப்பாவை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. வெளியில் வைத்தால் கொழுப்பு சிக்கடிக்கும், மழைக்காலத்தில் கட்டியும் பிடிக்கும்.

இன்னொரு வழி புளிக்க வைப்பது. ஜாவாவில் டோஃபு சக்கையில் டெம்பே கெம்பூஸ் செய்கிறார்கள். ரைசோபஸ் என்கிற பூஞ்சை வித்தைத் தூவி 30 டிகிரிச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, உதிரி எல்லாம் ஒரு பலகையாக இறுகிவிடும். நான் எவ்வளவு முயன்றாலும் ஒட்டாததைப் பூஞ்சை ஒட்டிவிடுகிறது. குளிர் ஊர்களில் இதற்கு இன்குபேட்டர் தேவை, பம்பாயில் மே மாதச் சமையலறையே போதும். வித்து ஆன்லைனில் கிடைக்கிறது. வெந்த சக்கையை நன்றாக ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு, ஒரு கரண்டி வினிகர் கலந்து, வித்தைத் தூவி, ஊசியால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில் விரலளவு தடிமனுக்குப் பரப்பி வைத்தேன். காளான் வாசனையோடு பலகை வந்தது. மெல்லிய துண்டுகளாக வெட்டி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் வறுத்தால் வாழைக்காய் வறுவலுக்கு இணை.

ஆனால் இதில் விளையாட்டு வேண்டாம். நம் வீடுகளில் தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையும் சேரும், இரண்டையும் கலந்து புளிக்க வைத்தால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. இந்தோனேசியாவில் தேங்காய்ச் சக்கையில் செய்த டெம்பே போங்க்ரெக் சாப்பிட்டுப் பலர் இறந்திருக்கிறார்கள். தேங்காய்ச் சக்கையில் ஒரு பாக்டீரியா புகுந்து போங்க்ரெகிக் அமிலம் என்ற விஷத்தை உண்டாக்கும். அதற்கு வாசனை கிடையாது, சமைத்தாலும் அழியாது. 1988-இல் அந்த அரசு அதன் தயாரிப்பையே தடை செய்தது. சோயா சக்கை மட்டும், சுத்தமான வித்து, வெள்ளைப் பூஞ்சை. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு எந்த நிறம் தெரிந்தாலும், அம்மோனியா நெடி அடித்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தேங்காய்ச் சக்கையைக் கூட்டில் போட்டு அன்றே தீர்த்துவிடுங்கள்.

வயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்ச்சத்து பாதி என்பது பேப்பரில் பார்க்க நன்றாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் ஒரே வேளையில் ஒரு கிண்ணம் உசிலி சாப்பிட்டால் சாயங்காலம் வயிறு உப்பிக்கொண்டு ஆட்சேபம் தெரிவிக்கும். இரண்டு கரண்டியில் ஆரம்பிக்கலாம். அத்தை தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், அவருக்குக் காலை டிஃபனில் அடையோ தாலிபீட்டோ கிடையாது, உசிலி மத்தியானம்தான். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம்.

கெட்டுப்போன சக்கை, ஃபிரிட்ஜில் மறந்துபோன டப்பா, இதெல்லாம் எந்த வீட்டிலும் இருக்கும். அதைப் பால்கனித் தொட்டிகளில் அப்படியே மேலே கொட்டினால் எறும்பும் கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சியும் வந்து குடியேறிவிடும். கம்போஸ்ட் தொட்டிக்குப் போகலாம், ஆனால் நைட்ரஜன் அதிகம் உள்ள சரக்கு, தனியாகப் போட்டால் நாறும். இரண்டு மடங்கு காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ கலந்து கிளறிப் போட வேண்டும். எங்கள் சொசைட்டியில் ஈரக் குப்பை தனித் தொட்டி, அங்கே கம்போஸ்ட் பார்த்துக்கொள்கிற பையன் காய்ந்த இலை மூட்டையை மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறான். சக்கை கொண்டு போகிறவர்கள் அவனிடம் சொல்லிவிட்டுப் போட்டால் அவனே இலையைக் கலந்துவிடுவான். ஊற வைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று காக்கு கேட்டார். உப்பும் சோடாவும் சேர்க்காததாக இருந்தால், அன்றன்றைக்கு, தாராளமாக ஊற்றலாம்.